திறந்த மூல நிரலகங்களும் அவற்றை எடுத்தாள்வோர் கடமைகளும்

நூலுக்கு முன்னே பாயிரம் உரைத்தல் தமிழ் மரபு. பாயிரத்துட் கூறவேண்டியவை எட்டு என நன்னூலார் வகுத்தனர். அவ்வெட்டனுள் முதற்கண் நிற்பது ஆக்கியோன் பெயர். அடுத்து நிற்பது வழி, அஃதாவது அந்நூல் எந்நூலின் வழியாக வந்தது என்பது. நூல்களையும் முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக்கினர். முன்னோர் நூலை எடுத்தாளுதல் குற்றமன்று, எடுத்தாண்டமையை மறைத்தலே குற்றம் என்னுங் கருத்து இப்பகுப்பினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. ஏட்டில் எழுதிய நூல்களுக்கு ஏற்பட்ட இவ்வொழுங்கு, இக்காலத்திற் கணினிக்கென எழுதப்படுஞ் செய்நிரல்களுக்கும் பெரிதும் பொருந்துவதாகும். பிறர் எழுதிய செய்நிரற் பகுதிகளைத் தம்முடையவற்றோடு சேர்த்து வழங்குவோர்க்கு உளவாகுங் கடமைகள் யாவை என்பதை இக்கட்டுரை ஆராயும்.

இன்று ஒருவர் வழங்குஞ் செய்நிரல் முழுவதும் அவரே எழுதியதாக இருத்தல் அரிது. மாணவன் ஒருவன் கடையொன்றின் கணக்கைப் பதியுஞ் செய்நிரலை எழுதப் புகுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைச் சேமித்து வைத்தற்கு ஒரு தரவுத்தளம் வேண்டும். பற்றுச்சீட்டை அச்சிடுதற்கு ஏற்ற ஆவணமாக்க ஒரு கருவி வேண்டும். திகதிகளைக் கணிக்கவும், திரையிற் பொத்தான்களை அமைக்கவும், தமிழெழுத்தைக் காட்டவும் வெவ்வேறு துணைகள் வேண்டும். இவற்றையெல்லாம் அவன் புதிதாக ஆக்குவதில்லை. முன்பே பிறர் எழுதி இணையத்தில் வைத்துள்ள தொகுதிகளை எடுத்துப் பொருத்துகின்றான். இத்தகைய தொகுதியை ஆங்கிலத்தில் லைப்பிரரி என்பர்; நாம் அதனை நிரலகம் என்போம். முடிவில் அவன் எழுதிய பகுதியும் பிறருடைய நிரலகங்களும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டுக் கடைக்காரர் கையிற் சேர்கின்றன. அப்பொதியில் மாணவன் எழுதியது சிறு பகுதியே. எஞ்சிய பெரும் பகுதி பிறர் உழைப்பு.

இந்நிரலகங்கள் பணங் கொடாமலே பெறப்படுவன. ஆதலால் இவற்றுக்கு உடையவர் இலர் என்றும், விரும்பியவாறு எடுத்துக்கொள்ளலாம் என்றும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது. விலையில்லாமை வேறு, உடையவரில்லாமை வேறு. கதையொன்றை எழுதியவனுக்கு அதன்மேற் பதிப்புரிமை உண்டாவது போலவே, செய்நிரலை எழுதியவனுக்கும் எழுதிய அளவிலே பதிப்புரிமை உண்டாகின்றது. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினிச் செய்நிரலைப் பாதுகாக்கப்படும் ஆக்கங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. எனவே பிறர் எழுதியதைப் பிரதிசெய்தற்கும், மாற்றுதற்கும், பிறர்க்கு வழங்குதற்கும் அவருடைய இசைவு வேண்டும். அவ்விசைவை எழுத்தில் தருவதே உரிமம். உரிமம் எதுவுங் குறிப்பிடப்படாத செய்நிரலொன்று இணையத்தில் யாவருங் காணக் கிடப்பினும், அதனை எடுத்து வழங்க நமக்கு உரிமையில்லை. வேலியில்லாத தோட்டம் புறம்போக்கு ஆகிவிடாது என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தம் உரிமையை முற்றாகத் துறந்து உலகுக்கு விட்டவரும் உளர். எஸ்கியூலைற் என்னுந் தரவுத்தள நிரலகம் அவ்வாறு விடப்பட்டதே. ஆனால் அஃது அரிதாய விலக்கு, விதியன்று.

இனி, இவ்வுரிமங்கள் தோன்றியவாற்றைச் சிறிது நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவில் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய றிச்சார்ட் ஸ்ரோல்மன் என்பவர், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் ஏற்ற கட்டற்ற மென்பொருள்களை ஆக்கும் பணியை 1983 இல் க்னூ என்னும் பெயரால் அறிவித்தார். 1985 இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றிற்று. தாம் ஆக்கியதைப் பிறர் எடுத்துப் பூட்டி வைத்துவிடாமற் காக்கும்பொருட்டு, பொதுமக்கள் உரிமம் ஒன்று 1989 இல் வெளியிடப்பட்டது, அதுவே ஜி.பி.எல். எனப்படும். அதன் இரண்டாம் பதிப்பு 1991 இலும், மூன்றாம் பதிப்பு 2007 இலும் வந்தன. திறந்த மூலம் என்னுஞ் சொல் வழக்கு 1998 இல் எழுந்தது. இன்று வழங்கும் உரிமங்கள் பலவாயினும், அவற்றை இரு குடும்பங்களுள் அடக்கலாம்.

முதற் குடும்பம் இளகிய உரிமங்கள். எம்.ஐ.டி. உரிமம், பி.எஸ்.டி. உரிமம், அப்பாச்சி உரிமம் ஆகியவை இதன்பாற்படும். இவற்றின்கீழ் வரும் நிரலகத்தை எவரும் தம் செய்நிரலோடு சேர்க்கலாம், சேர்த்து விற்கலாம், தம் மூலநிரலை மறைத்தும் வைக்கலாம். இதற்கு ஈடாக அவை கேட்பது மிகச் சிறிது. ஆக்கியோன் பெயரைத் தாங்கிய பதிப்புரிமைக் குறிப்பையும் உரிமத்தின் வாசகத்தையும் நீக்காது பொதியுடன் சேர்த்து வழங்கவேண்டும், அவ்வளவே. 2004 இல் வந்த அப்பாச்சி இரண்டாம் உரிமம் இவற்றோடு வேறுஞ் சில வேண்டும்: மாற்றிய கோப்புகளில் மாற்றினோம் என்று குறித்தல் வேண்டும், நிரலகத்துடன் நோட்டிஸ் என்னுங் கோப்பு இருப்பின் அதிற் கண்ட அறிவிப்புகளையும் உடன் வழங்கல் வேண்டும்.

பி.எஸ்.டி. உரிமத்தின் பழைய வடிவத்தில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது. அம்மென்பொருளின் இயல்புகளைக் குறிப்பிடும் விளம்பரம் ஒவ்வொன்றிலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு நன்றி கூறவேண்டும் என்பதே அது. ஒருவருக்கு நன்றி கூறுதல் எளிது. ஆனால் ஏனையோரும் இதனைப் பின்பற்றித் தத்தம் பெயரை இட்டு அந்நிபந்தனையை விதித்தனர். 1997 இல் வந்த நெற்பி.எஸ்.டி. பதிப்பொன்றில் இத்தகைய நன்றியுரை 75 இருக்கக் கண்டதாக ஸ்ரோல்மன் எழுதியுள்ளார். இந்நிபந்தனையை அப்பல்கலைக்கழகம் 1999 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நீக்கிவிட்டது. தனித்து நோக்குமிடத்துச் சிறிதாகத் தோன்றுங் கடமையும், நிரலகங்கள் ஒரே பொதியிற் பெருகுங்கால் பெருஞ்சுமையாகும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாங் குடும்பம் கைம்மாறு வேண்டும் உரிமங்கள். இவற்றுள் தலையாயது மேற்கூறிய ஜி.பி.எல். ஆகும். இதன்கீழ் உள்ள நிரலகத்தைச் சேர்த்து ஒரு செய்நிரலை ஆக்கிப் பிறர்க்கு வழங்குபவர், அச்செய்நிரல் முழுவதையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கவேண்டும்; பெறுவோர்க்கு மூலநிரலையுங் கொடுக்கவேண்டும். இரண்டாம் பதிப்பின்படி மூலநிரலைப் பொதியுடனே கொடுக்கலாம்; அன்றேல், கேட்போர்க்குக் கொடுப்போம் என மூன்றாண்டுக்குக் குறையாத காலத்துக்குச் செல்லும் எழுத்துறுதி தரலாம். விலை வாங்குதலை இவ்வுரிமம் தடுப்பதன்று. தான் பெற்ற உரிமையைத் தன்னிடமிருந்து பெறுபவனுக்கு மறுத்தலையே அது தடுக்கின்றது. நம் முன்னோர் கூறிய வழிநூல் முதனூலை ஒத்துச் செல்வதுபோல, ஈண்டு வழிநிரல் முதனிரலின் உரிமத்தை ஒத்துச் செல்லல் வேண்டும் என்க.

நிரலகங்களுக்கென்றே இவ்விரண்டுக்கும் இடைநிகரான ஒன்றும் உண்டு. அது 1991 இல் தோன்றி, 1999 இற் பெயர் சிறிது மாற்றப்பெற்ற எல்.ஜி.பி.எல். உரிமமாகும். இதன்படி நிரலகத்தையும் அதில் நாம் செய்த திருத்தங்களையும் திறந்து வைத்தல் வேண்டும். அதனைப் பயன்கொள்ளும் நம் செய்நிரலை மறைத்து வைத்தல் கூடும். ஆயினும் நிரலகத்தைப் பயன்படுத்தினோம் என்று வெளிப்பட அறிவித்தல் வேண்டும். பெறுபவன் விரும்பின் அந்நிரலகத்தை எடுத்துவிட்டுத் தான் திருத்திய நிரலகத்தை அவ்விடத்திற் பொருத்திக்கொள்ள வழியும் விடவேண்டும். நிரலகம் தனிக்கோப்பாக நின்று, செய்நிரல் ஓடும்போது இணைவதாயின் இது தானே நிறைவேறும். இரண்டையும் பிரிக்கவியலாதவாறு ஒன்றாக உருக்கி வழங்கினால், மீண்டும் இணைத்தற்கு வேண்டிய பகுதிகளைத் தனியே கொடுக்கவேண்டும். ஆகவே எந்நிரலகத்தை எடுத்தோம் என்பது மாத்திரமன்றி, எவ்வாறு பொருத்தினோம் என்பதும் கடமையை நிருணயிக்கின்றது.

இதற்கு உதாரணமாக, ஒலியையும் காணொளியையுங் கையாளும் எவ்எவ்எம்பெக் என்னும் நிரலகத்தைக் காட்டலாம். அது பெரும்பாலும் எல்.ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் உள்ளது. ஆனால் எக்ஸ்264 போன்ற ஜி.பி.எல். உரிமமுள்ள பகுதிகளையும் சேர்க்கும்படி அதனைக் கட்டினால், அவ்வாறு கட்டப்பட்ட நிரலகம் முழுவதும் ஜி.பி.எல். ஆகிவிடும். பெயர் ஒன்றே, ஆக்கியோரும் அவரே, கட்டும்போது தெரிந்த ஒரு விருப்பு மாத்திரம் வேறு. பிறர் கட்டிவைத்த நிரலகத்தை எடுப்பவர் அஃது எவ்வாறு கட்டப்பட்டது என்று வினவாது சேர்ப்பின், தம் செய்நிரலின் உரிமமே மாறுதற்குக் காரணராவர்.

நிரலகத்தின் உரிமம் முழுச் செய்நிரலின் போக்கையும் மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. ஜேர்மனியைச் சேர்ந்த புரூணோ ஹைபிள், மைக்கேல் ஸ்ரோல் என்பார் லிஸ்ப் மொழிக்குரிய கிளிஸ்ப் என்னுஞ் செய்நிரலை ஆக்கி வழங்கினர். பயனர் தட்டெழுதும் வரிகளைத் திருத்த உதவும் ரீட்லைன் என்னுஞ் சிறு நிரலகத்தை அதனோடு இணைத்துக்கொள்ள வழிசெய்திருந்தனர். ரீட்லைன் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் உள்ளது. அதனோடு இணையும் முழுமையும் அவ்வுரிமத்துக்கு உட்படும் என 1992 இல் ஸ்ரோல்மன் ஹைபிளுக்கு எழுதினார். ரீட்லைன் இன்றியுந் தம் செய்நிரல் இயங்கும் என்று ஹைபிள் வாதித்தார். மடல்கள் இருபுறமுஞ் சென்றன. இறுதியில் ஹைபிள் கிளிஸ்ப் முழுவதையும் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வெளியிட இசைந்தார். இணைப்பதனாலேயே வழிநிரல் ஆகிவிடுமா என்பது குறித்துச் சட்ட அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அஃது எவ்வாறாயினும், இக்கேள்வியை நிரலகத்தைச் சேர்க்குமுன் எழுப்புதலே நன்று. வீடு கட்டி முடிந்தபின் அத்திவாரக் கல் யாருடையது என்று ஆராய்வது வருத்தந் தரும்.

கடமை எப்போது பிறக்கின்றது என்பதையும் தெளிதல் வேண்டும். ஒருவர் தம் வீட்டிலோ ஆய்வுகூடத்திலோ தாமே பயன்படுத்தும் அளவில் மேற்கூறிய கடமைகள் எழுவதில்லை. பொதியைப் பிறர் கையிற் கொடுக்கும்போதே அவை எழுகின்றன. விலைக்குக் கொடுத்தாலும் வாளா கொடுத்தாலும் ஒன்றே. இணையப் பக்கமொன்றில் இயங்கும் நிரலகம் காண்போர் ஒவ்வொருவருடைய கருவிக்கும் அனுப்பப்படுகின்றமையின் அதுவும் வழங்கலேயாம். செய்நிரல் தொலைவிலுள்ள சேவையகத்தில் நின்று ஏவல் மாத்திரஞ் செய்யுமாயின், ஜி.பி.எல். மூலநிரலைக் கேட்பதில்லை. அவ்விடைவெளியை அடைத்தற்கே 2007 இல் அதன் மூன்றாம் பதிப்பையொட்டி ஏ.ஜி.பி.எல். உரிமமும் வெளிவந்தது. அதனைத் தாங்கிய நிரலகத்தைத் திருத்திச் சேவையகத்தில் இயக்குபவர், அங்கு வந்து பயன்கொள்வோர்க்கும் மூலநிரலைத் தரவேண்டும்.

இக்கடமைகளை நிறைவேற்றாவிடின் யாது நிகழும்? இதற்கு இரு நிகழ்ச்சிகளைக் காட்டுவோம். லிங்க்சிஸ் நிறுவனம் வீடுகளில் இணைய இணைப்பைப் பகிர்தற்கு ஒரு சிறு பெட்டியை விற்றது. 2003 இற் சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிஸை வாங்கிற்று. அப்பெட்டியினுள் லினக்ஸ் கருவும் வேறு ஜி.பி.எல். மென்பொருள்களும் இருப்பதையும், அவற்றின் மூலநிரல் வழங்கப்படாமையையும் அவ்வாண்டிலேயே சிலர் கண்டு வெளிப்படுத்தினர். அம்மென்பொருள் சில்லு வழங்கிய புரோட்கொம் நிறுவனத்தின் வழியாக வந்தது. இவ்வாறு பல கை மாறி வந்தாலும், வாங்கியவர்க்கு விற்பவரே பொறுப்பாளர் ஆனார். மூலநிரல் வெளியிடப்பட்டது, அதனையடியாகக் கொண்டு 2004 இல் ஓப்பின்டபிள்யூஆர்ரி என்னும் பணி தோன்றி, இன்றும் பல்வகைப் பெட்டிகளுக்குப் பயன்படுகின்றது. ஆயினும் ஏனைய பொருள்கள் குறித்த பிணக்குத் தீரவில்லை. 2008 திசெம்பரில் அறக்கட்டளை சிஸ்கோமீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதத்தில் இணக்கம் ஏற்பட்டது. லிங்க்சிஸுக்கென இக்கடமைகளைக் கண்காணிக்கும் அலுவலர் ஒருவரை நியமிக்கவும், அறக்கட்டளைக்கு ஒரு தொகை வழங்கவும் சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

மற்றையது சிறியது, ஆனால் சட்ட நோக்கிற் பெரியது. பேர்க்கிளியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் றொபேட் ஜேக்கப்சன் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆர்வலரும் விளையாட்டுப் புகையிரதங்களை இயக்கும் மென்பொருளொன்றை ஆக்கி, எவரும் பயன்படுத்தலாம் எனத் திறந்து வைத்தனர். கற்சர் என்பவருடைய வணிக நிறுவனம் அதிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் தன் பொருளிற் சேர்த்தது. ஆக்கியோர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, எங்கிருந்து எடுத்தது, எவ்வாறு மாற்றியது என்பவற்றை அது குறிக்கவில்லை. பணம் வாங்காது கொடுத்ததற்கு இழப்பு யாது என்பதே வழக்கின் உட்கிடை. நிபந்தனையை மீறியது ஒப்பந்த மீறலாகலாமேயன்றிப் பதிப்புரிமை மீறலாகாது என்னும் போக்கிற் கீழ்நீதிமன்றம் சென்றது. ஆனால் 2008 ஓகத்து மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பெயர் குறித்தல் முதலியன இசைவுக்குரிய நிபந்தனைகளே. அவற்றைக் கைவிட்டவர் இசைவின் எல்லையைக் கடந்தவராவர். பணம் பெறாதவர்க்கும் பெயரும் புகழுந் தம் பணியின் வளர்ச்சியும் உண்மையான பயன்களே என அந்நீதிமன்றம் கருதிற்று. கூலி வாங்காது உழைத்தவனுக்கு அவன் பெயரே கூலி. அதனை அழிப்பவன் அவன் கூலியை எடுத்தவனாவான்.

உரிமத்தை மீறியவர்க்கு மீட்சி உண்டா எனின், அதுவும் உரிமத்துக்கேற்ப வேறுபடும். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின்படி மீறிய அளவிலே உரிமை தானே நீங்கும். மூன்றாம் பதிப்போ, முதன்முறை அறிவிப்புப் பெற்றவர் 30 நாளுள் குறையை நீக்கினால் உரிமையை நிலையாக மீள அளிக்கின்றது.

நடைமுறையில் மாணவர் பலர் தவறுவது தீய எண்ணத்தினால் அன்று, அறியாமையினாலேயே. ஒரு நிரலகத்தை எடுக்கும்போது, அது சார்ந்து நிற்கும் வேறு நிரலகங்களும், அவை சார்ந்து நிற்பனவும் தாமாகவே வந்து சேர்கின்றன. கேட்டது ஒன்று, வந்தது நூறு. அந்நூற்றில் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உரிமம் உடையது. அவற்றுட் சில தம்முள் ஒவ்வாதனவாகவும் இருத்தல் கூடும். அப்பாச்சி இரண்டாம் உரிமத்து நிரலையும் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு மாத்திரமே உள்ள நிரலையும் ஒன்றாக்கி வழங்கலாகாது என்பது அறக்கட்டளையின் கொள்கை. மேலும், இணையப் பக்கங்களுக்கான செய்நிரலைச் சுருக்குங் கருவிகள் குறிப்புரைகளை வீண் எனக் கருதிக் களைகின்றன. உரிமக் குறிப்பென அடையாளமிடப்படாதவிடத்து, ஆக்கியோன் பெயரும் அக்களையெடுப்பிற் போய்விடும். எடுத்தவன் மறைக்க எண்ணவில்லை, கருவி மறைத்துவிட்டது. எனினும் பொறுப்பு எடுத்தவனையே சாரும்.

ஆகவே மாணவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு சிலவற்றைக் கூறுவோம். நிரலகத்தைச் சேர்க்கும் அன்றே அதன் பெயர், பதிப்பு, பெற்ற இடம், உரிமம் ஆகியவற்றை ஓர் அட்டவணையிற் பதிக. அதனுள் லைசென்ஸ், கொப்பியிங், நோட்டிஸ் என்னும் பெயருள்ள கோப்புகளைத் தேடி வாசித்து, அவற்றை நீக்காது வைத்திருக்க. உரிமம் காணப்படாவிடின் ஆக்கியோனுக்கு எழுதிக் கேட்க; விடை வாராவிடின் வேறொன்றைத் தேடுக. அது சார்ந்துள்ளவற்றையும் கருவிகளின் உதவியாற் பட்டியலிடுக. உரிமங்களைக் குறிக்கச் சுருக்கப் பெயர்களை வகுத்துள்ள எஸ்.பி.டி.எக்ஸ். என்னும் முறை 2021 இல் சர்வதேச நியமமாகியுள்ளது. அட்டவணையில் அப்பெயர்களைக் கையாளுதல் குழப்பத்தை நீக்கும். இறுதியாக, செய்நிரலில் யாவரும் எளிதிற் காணத்தக்க ஒரு பக்கத்தில் ஆக்கியோர் பெயரையும் உரிம வாசகங்களையும் வெளியிடுக. தம் கைத்தொலைபேசியின் அமைப்புகளிற் சட்டத் தகவல் என்னும் பகுதியைத் திறந்து பார்ப்போர், பெருநிறுவனங்களும் இவ்வாறே நீண்ட பட்டியலை வெளியிட்டிருத்தலைக் காண்பர்.

தமிழில் ஆக்கப்படுஞ் செய்நிரல்களுக்கு இவ்விடத்து ஒன்று சிறப்பாகக் கூறவேண்டும். எழுத்துருவும் பொதியின் ஒரு பகுதியே. நோட்டோ தமிழ் எழுத்துரு முதலியன திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. அவற்றை எச்செய்நிரலோடுஞ் சேர்க்கலாம், விற்கலாம். ஆனால் பதிப்புரிமைக் குறிப்பும் உரிமமும் உடன் செல்லவேண்டும். எழுத்துருவைத் தனியே விற்றலாகாது. கணினியில் முன்பே நிறுவப்பட்டுள்ள எழுத்துருவெல்லாம் இவ்வாறு வழங்கத்தக்கன அல்ல. நாம் திரையிற் காண்கின்ற தமிழெழுத்தின் ஒவ்வொரு வளைவையும் ஒருவர் இருந்து வரைந்துள்ளார் என்பதை மறத்தலாகாது.

இதுகாறும் கூறியவற்றால், நிரலகங்களைச் சேர்த்தல் தவறன்று என்பதும், பெரும்பாலான உரிமங்கள் வேண்டுவன நிறைவேற்றற்கு எளியன என்பதும், அவை அறியாது விடப்படும்போதே இடர் விளைகின்றது என்பதும் பெறப்படும். ஒரு மாணவனின் முதற் செய்நிரல் ஒரு கடைக்கோ பாடசாலைக்கோ செல்லும்போது, அதனை நம்பிப் பெறுபவரும் உரிமத்தைப் பற்றி அறியார். தமக்கு வந்த பொதியில் யாருடைய பொருள் உள்ளது, அதனை வழங்க இசைவு உண்டா என்பதை அவருக்குச் சொல்லவேண்டியவன் அம்மாணவனே. நம் வகுப்புகளிற் செயற்றிட்ட அறிக்கை எழுதுவோர், உசாத்துணை நூல்களைக் குறிப்பதுபோல, எடுத்தாண்ட நிரலகங்களையும் அவற்றின் உரிமங்களையும் ஒரு பக்கத்திற் குறிக்கும் வழக்கத்தை மேற்கொள்வாராக. ஆசிரியரும் அப்பக்கத்தை மதிப்பீட்டில் ஓர் அங்கமாகக் கொள்வாராக. பின்னொரு காலத்தில் அவர்கள் எழுதிய நிரலகமொன்றை உலகின் வேறோர் மூலையில் ஒருவர் எடுத்தாளும்போது, ஆக்கியோன் பெயர் என்னும் இடத்தில் அவர்கள் பெயரும் நிற்க உரித்தாகும்.